சோல்

எங்கள் வரிசையில் சோல் என்றால்
ஷூவின் அடிப்பாகம்.
அதனால் முனிலட்சுமி
"நான் பாடுறது சோல் மியூசிக்" என்றதும்
பர்கூர் சிப்காட், மூன்றாம் ஷெட்,
ஒட்டும் பிரிவு மொத்தமும் சிரித்தது.
"அப்ப மேல்தோலுக்கு யாருடி பாடுவா?" என்று
கேட்டவள் நான்தான்.

அவள் கோபிக்கவில்லை.
பசை தடவிய அடியைச் சூட்டுப்பெட்டிக்குள் தள்ளிவிட்டு
முகக்கவசத்துக்குள்ளேயே ஒருமுறை இழுத்தாள்.
சொல் இல்லை, வெறும் ம்.
அடிவயிற்றில் கிளம்பி
தொண்டையில் ஓர் இடத்தில் கிழிந்து
கிழிந்த இடத்திலேயே நின்றது, இறங்காமல்.
என் கையிலிருந்த இடது கால்
வேறெவளோ ஜோடியில் போய்ச் சேர்ந்தது.
அன்றைக்கு எனக்கு மெமோ.

அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
ஷிப்டு பஸ்ஸில், ஒரு பக்கம் மட்டும் கேட்கிற இயர்போனில்,
கடல் தாண்டி எங்கோ ஒரு கறுத்த பெண்
அழாமல் அழுவதைக் கேட்டாளாம்.
"பாஷ புரியல.
ஆனா அவளும் நின்னுக்கிட்டே வேல பாத்தவதான்.
கொரல்ல கால்வலி தெரியுது."

எங்கள் பக்கம் அமைதி என்பது
மின்வாரியம் தருவது.
கல் அறுக்கும் ரம்பம் ராப்பகலாகக் கல்லைத் தின்னும்,
மாதம் ஒருநாள் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தினால்தான்
வாயை மூடும்.
அந்த வியாழக்கிழமை இரண்டு பேரும் லீவு.
பசவராஜின் ஆம்னி வேனில்
தக்காளிக் கிரேடுகளை இறக்கி வைத்தோம்.
கண்ணாடிகளுக்குக் கம்பளி, கதவுக்கு மெத்தை,
லேப்டாப்பில் ஐம்பத்தொரு சதவீதம் சார்ஜ்.
மைக் பிடித்த என் முழங்கை வழியாக
வியர்வை அவள் மடியில் சொட்டியது.

முதல் தடவை, மயில்.
இரண்டாவது, சென்னை ரோட்டில் ஒரு லாரி.
மூன்றாவது தடவை
வா என்கிற ஒற்றை எழுத்தை
பதினொரு விநாடி பிடித்திருந்தாள்.
யாரும் வரவில்லை.
வரமாட்டார்கள் என்று
அந்த வாவுக்கே தெரிந்திருந்தது.
முடிகிற இடத்தில் இருமினாள்.
பசை இருமல். எங்கள் எல்லாருக்கும் உண்டு.

மிக்ஸிங் செய்த ஓசூர்ப் பையன்
இருமலை வெட்டிட்டேங்க்கா என்றான்.
திருப்பி வை என்றாள்.
"மூணு வருச சர்வீஸ்ல
எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான்."
பேரையாவது லூனா என்று மாற்றலாம் என்றான்.
படிவத்தில் அவள் நிரப்பியது: முனி.
ராத்திரி கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாத பேராயிற்றே என்றேன்.
"பாக்கட்டும்."

வெள்ளிக்கிழமை, நடுராத்திரி பன்னிரண்டுக்குப் பாட்டு வெளியானது.
மாலை இல்லை, பேனர் இல்லை,
எங்கள் ஓட்டு வீட்டில் கொசுவர்த்தி மட்டும் புகைந்தது.
விடியும்போது எண்ணிக்கை அறுபத்துமூன்று.
எங்கள் லைன் நாற்பத்தொன்று,
பேர் பேராகச் சொல்லிக் கழித்தோம்.
மீதம் இருபத்திரண்டு.
யாராக இருக்கும்?
பல் விளக்கும்போதும் கேட்டாள்,
தலைக்கு வலை மாட்டும்போதும் கேட்டாள்.
அந்த இருபத்திரண்டு பேரின்
கால் சைஸை யோசித்துக்கொண்டிருந்ததாக
ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள்.

ஐந்து நாற்பது பஸ்.
ரஹ்மத்துன்னிசா போனை உச்சத்தில் வைத்து
கம்பி மேல் தூக்கிப் பிடித்தாள்.
டிரைவர் தன் பாட்டை நிறுத்தவில்லை, குறைத்தார்.
அப்புறம் இன்னும் கொஞ்சம் குறைத்தார்.
வா வந்தது. ஒப்பவாடி திருப்பம் முழுக்க வந்தது.
தூங்குகிறவர்கள்கூட
கண்ணைத் திறக்காமல் கேட்பது தெரிந்தது.
பிறகு அந்த இருமல்.

கண்ணாடியில் பார்த்து டிரைவர் கேட்டார்,
"யாரும்மா அது, இப்பிடி இருமறது?
டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?"

கடைசி சீட்டிலிருந்து
எழுந்தே நின்றுவிட்டாள் முனிலட்சுமி.
"நான்தாண்ணா!"